இருபது முத்தும் ஓர் ஐவி இலையும்: அமெரிக்கச் சொராரிட்டிகளின் சின்னங்கள், சடங்குகள்

கேள்வி இதுதான்: அக்கா மகள் அமெரிக்காவில் இளங்கலை படிக்கிறாள், ஒரு சொராரிட்டியில் சேர ஆசைப்படுகிறாள். "கமலா ஹாரிஸ் இருந்தாரே, அந்த மாதிரி" என்கிறாள். மாணவிகள் சங்கம் ஒன்றுக்கு எதற்கு இத்தனை நிறம், பூ, முத்து, கைச்சாடை, ரகசியச் சடங்கு? இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? சேர்ந்தால் ஆபத்து ஏதும் உண்டா?

அர்த்தம் என்று கேட்டால் ஒவ்வொரு சங்கமும் ஓர் அட்டவணையே தரும். இந்தப் பூ தூய்மையைக் குறிக்கும், அந்தப் பறவை அறிவைக் குறிக்கும் என்று போகும். அதைப் படித்து ஒன்றும் புரியாது. எல்லாச் சங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே குணங்கள்தான் இருக்கும். யார் எந்த வாசலில் தடுக்கப்பட்டபோது இந்தச் சின்னத்தைச் செய்துகொண்டார்கள், இன்று அதை யார் போடலாம், யார் போடக்கூடாது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் வெள்ளையர் கதை, சுருக்கமாக. இந்தியானா மாநிலத்தில் இன்று டிபா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் ஆஸ்பரி, 1867இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த பெட்டி லாக் என்ற மாணவியிடம் ஆண்கள் சங்கம் ஒன்று தன் பேட்ஜை அணிந்துகொள்ளும்படி கேட்டது. முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். அது முடியாது என்றார்கள். சமாதானமாக ஒரு வெள்ளிக் கேக் கூடையைக் கொடுத்தார்களாம். அவர் 1870 ஜனவரி 27 அன்று தோழிகளுடன் காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கிவிட்டார். பட்டம் போன்ற வடிவில் தங்களுக்கென்று ஒரு பேட்ஜும் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இல்லினாய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் ஆறு மாணவிகள் தங்கச் சாவி வடிவப் பேட்ஜைக் குத்திக்கொண்டு கல்லூரித் தேவாலயத்துக்குள் நடந்து வந்தார்கள். காப்பா காப்பா காமா பிறந்தது அப்படித்தான். ஆண்கள் மார்பில் பேட்ஜ் குத்தித் திரிந்த காலத்தில் அந்தச் சாவி மற்றவர்கள் பார்க்கவென்றே குத்தப்பட்டது. இத்தகைய 26 சங்கங்கள் இன்று 1902இல் உருவான தேசியக் கூட்டமைப்பு ஒன்றின் கீழ் இருக்கின்றன. பெரிய வீடுகள், தூண் வைத்த முகப்பு, ஆகஸ்டில் 'ரஷ்' என்ற பெயரில் நடக்கும் ஆள் சேர்ப்பு, அதன் முடிவில் 'பிட் டே' அன்று அழைப்புக் கடிதத்தைத் திறந்துவிட்டு வீட்டை நோக்கி ஓடும் பெண்கள் என்று டிக்டாக்கில் பார்ப்பதெல்லாம் இந்தப் பக்கத்துச் சமாச்சாரம்.

தங்களுக்கு மறுக்கப்பட்டது என்று வாசலைத் திறந்தவர்கள், அடுத்தவர் வந்தபோது அதே வாசலை மூடினார்கள். கறுப்பினப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. சில சங்கங்களின் விதிகளிலேயே அது எழுதியிருந்தது, மற்றவற்றில் எழுதாமலே நடந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது எப்போது தெரியுமா? 2013 செப்டம்பரில்! அந்தக் கட்டுரை நாடெங்கும் பேச்சான பிறகுதான் அங்குள்ள பாரம்பரிய வெள்ளையர் சொராரிட்டிகள் பல, கறுப்பின மாணவிகளுக்கு அழைப்பு அனுப்பின.

இப்போது கமலா ஹாரிஸின் சங்கத்துக்கு வருவோம். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, சுருக்கமாக ஏ.கே.ஏ. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று தொடங்கியது. கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தொடங்கிய, கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட முதல் சங்கம் இதுதான். முன்னின்றவர் எதெல் ஹெட்ஜ்மன். அவரோடு எட்டுப் பேர். அவர்களில் லூசி டிக்ஸ் ஸ்லோ பின்னாளில் டென்னிஸில் தேசியப் பட்டம் வென்றார், ஹோவர்டிலேயே மாணவியர் முதல்வராகவும் ஆனார். அடுத்து ஏழு இரண்டாம் ஆண்டு மாணவிகள் சேர்ந்தார்கள். 1913இல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தபோது இன்னும் நால்வர். ஒன்பதும் ஏழும் நாலும் இருபது. உறுப்பினர் பேட்ஜில் ஐவி இலையைச் சுற்றிப் பதித்திருக்கும் முத்துகளும் இருபது. கமலா ஹாரிஸின் கழுத்தில் பார்க்கும் முத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஐவி ஏன் என்று கேட்டால், பசுமை மாறாத கொடி, பற்றிய சுவரை விடாது என்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த தகவல், அவர்கள் அதை உண்மையாகவே நட்டார்கள் என்பது. 1909 மே மாதம் முதல் ஐவி விழா நடந்து, ஹோவர்டின் மைனர் ஹால் சுவரோரம் கொடி வைத்தார்கள். நிறம் சால்மன் பிங்க்கும் ஆப்பிள் பச்சையும், பூ இளஞ்சிவப்பு டீ ரோஜா, பத்திரிகையின் பெயரும் ஐவி இலைதான். சங்கத்தின் முழக்கம், பண்பாலும் தகுதியாலும் என்று பொருள்படுவது.

இந்த நிறத்தையும் பெயரையும் வைத்துத்தான் அடுத்த சண்டையே வந்தது. 1912இல் ஹோவர்டில் அப்போது படித்துக்கொண்டிருந்த 22 உறுப்பினர்கள் பெயர், நிறம், சின்னம், அமைப்பு விதி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருப்பது போதாது, அரசியலிலும் சமூக வேலையிலும் இறங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஏற்கெனவே படிப்பை முடித்து வெளியே வந்திருந்த நெல்லி குவாண்டர் இதற்குச் சம்மதிக்கவில்லை. ஒன்றாக இருந்து உடன்பட முடியாமல் போனது. அந்த 22 பேரும் 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்று தனிச் சங்கம் கண்டார்கள். பதினாறே நாளில், ஜனவரி 29 அன்று, குவாண்டர் தரப்பு ஏ.கே.ஏ.வைச் சட்டப்படி பதிவு செய்தது. இனி யாரும் கைவைக்க முடியாது என்பதே அதன் நோக்கம்.

பிரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டே மாதத்தில், மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் டெல்டா பதாகையோடு நடந்தார்கள். கறுப்பினப் பெண்களைப் பேரணியின் கடைசியில் தள்ளிவிட அமைப்பாளர்கள் முயன்ற பேரணி அது. டெல்டாவின் நிறம் கருஞ்சிவப்பும் வெண்ணெய் நிறமும். கைச்சாடை முக்கோணம், பிரமிடைக் காட்டுவது. யானை வந்த கதைதான் சுவாரஸ்யம். நிறுவனர்களில் ஒருவரான ஃப்ளாரன்ஸ் லெச்சர் டாம்ஸுக்கு யானைப் பொம்மைகள் சேர்க்கும் பழக்கம் இருந்தது. அதுவே மெல்ல மெல்லச் சங்கத்தின் அடையாளமாகிவிட்டது. தும்பிக்கை மேலே தூக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் டெல்டாக்காரர்கள் வாங்க மாட்டார்கள். இத்தனை கனமாகப் பேசப்படும் சின்னங்களுக்கு நடுவே ஒருத்தியின் பொம்மை ஆசையும் நூறு ஆண்டாக உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஸீட்டா ஃபை பீட்டா 1920இல் அதே ஹோவர்டில் தொடங்கியது. நீலமும் வெள்ளையும், புறா. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் இதன் உறுப்பினர். சிக்மா காமா ரோ 1922இல் இண்டியானாபொலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கியது. நீலமும் தங்கமும், பூடில் நாய். இந்த நான்கும் ஐந்து ஆண்கள் சங்கங்களும் சேர்ந்ததைத்தான் டிவைன் நைன் என்கிறார்கள்.

நிறம் இவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நம் ஊர் ஆளுக்குப் புரியவைப்பது எளிது. கட்சிக் கரை வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேட்டி எல்லோருக்கும் பொது, அந்தக் கரை அப்படியில்லை. எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு அதைக் கட்டிப் போனால் என்ன பார்வை பார்ப்பார்களோ, அதே பார்வைதான் உறுப்பினராக இல்லாத ஒரு பெண் பிங்க்-பச்சை ஜாக்கெட் போட்டு ஹோவர்டில் நடந்தால் கிடைக்கும். எழுத்து பதித்த சட்டை என்றால் கேட்கவே வேண்டாம், நேரில் வந்து கழற்றச் சொல்வார்கள். உங்கள் அக்கா மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: சேர ஆசைப்படும் சங்கத்தின் நிறத்தை முன்கூட்டியே போட்டுக்கொண்டு திரிவது, அதன் குரலை வீடியோவில் பழகிக் காட்டுவது, கைச்சாடையைப் புகைப்படத்தில் காட்டுவது எல்லாம் அவளுக்குத்தான் பாதகம்.

குரல் என்றேன். ஏ.கே.ஏ.வின் குரல் 'ஸ்கீ-வீ'. மெல்லிய, உச்சத்தில் போகும் ஒற்றைக் கூவல். ஒருத்தி கூவினால் மண்டபத்தின் மறுமுனையிலிருந்து பதில் வரும். 2019 ஜனவரியில் தென் கரோலினாவில் இந்தச் சங்கத்தின் விருந்தில் கமலா ஹாரிஸ் பேசினார். உறுப்பினர்கள் வழக்கம்போலக் கூவினார்கள். அங்கிருந்த நிருபர் ஒருவர் அவர்கள் கிறீச்சிட்டதாகச் சமூக வலைத்தளத்தில் எழுதிவிட்டு, வந்த வசவில் மன்னிப்பும் கேட்டார். நூறாண்டு கடந்த ஒரு சங்கம் எவ்வளவு பேர் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கமலா ஹாரிஸ் இதில் சேர்ந்தது 1986இல், ஹோவர்டில் கடைசி ஆண்டு படிக்கும்போது. அவரோடு அந்த முறை சேர்ந்தவர்கள் 38 பேர் கொண்ட ஒரு 'லைன்'. ஒரே தடவையில் உள்ளே வரும் குழுவுக்கு அப்படித்தான் பெயர். உயர வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் தருவார்கள், லைனுக்கும் தனிப் பெயர் சூட்டுவார்கள். முப்பது வருடம் கழித்துச் சந்தித்தாலும் "நீ எந்த லைன், எத்தனையாவது எண்?" என்றுதான் பேச்சு தொடங்கும். ஒருவரையொருவர் 'சோரர்' என்று அழைப்பார்கள்.

2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தன் குடும்பம் யார் யார் என்று அவர் அடுக்கினார். அந்தப் பட்டியலில் 'சித்தி' என்ற சொல் வந்ததை நாம் கொண்டாடினோம், துளசேந்திரபுரம் வரை செய்தி போனது. அதே பட்டியலில் சில வரி தள்ளி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவும் டிவைன் நைனும் இருந்ததை இங்கே யாரும் கவனிக்கவில்லை. அங்கே கவனித்தார்கள். தேர்தல் நிதிக்கு 19.08 டாலர் என்ற விசித்திரத் தொகையில் நன்கொடைகள் வந்து குவிந்தன, 1908 நினைவிருக்கிறதல்லவா? 2021 ஜனவரி 20 பதவியேற்பு அன்று நாடெங்கும் பெண்கள் முத்து மாலை போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள்.

இதை வெறும் கல்லூரிக் காலக் கூத்து என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இன்னொரு காரணம், கறுப்பினச் சொராரிட்டிகளில் உறுப்பினர் தகுதி ஆயுளுக்கும் உரியது, வேலையும் பட்டம் வாங்கிய பிறகுதான் மும்முரமாகும். ஊர் ஊராகப் பட்டதாரிக் கிளைகள் உண்டு. ஏ.கே.ஏ.வுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1935 முதல் 1942 வரை கோடைதோறும் இவர்கள் மிசிசிப்பிக்குப் போய் நடத்திய மருத்துவ முகாம்கள் தனியாகவே எழுதத் தக்கவை. பருத்தித் தோட்ட முதலாளிகள் கூலிகளை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள், தொழிற்சங்கம் வைத்துவிடுவார்களோ என்ற பயம். சரி என்று கார்களில் மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போய்க் குழந்தைகளுக்குத் தொண்டையடைப்பானுக்கும் பெரியம்மைக்கும் தடுப்பூசி போட்டார்கள். டாக்டர் டாரதி ஃபெரபி தலைமையில் போனவர்கள் எல்லாம் ஊதியம் வாங்காதவர்கள். முதல் கறுப்பின விண்வெளி வீராங்கனை மே ஜெமிசன் 1992இல் எண்டெவர் ஓடத்தில் இந்தச் சங்கத்தின் பதாகையை எடுத்துப்போனார் என்றால் அதன் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

சடங்குகளில் வெளியாட்கள் பார்க்கக் கிடைப்பது ஸ்டெப்பிங். காலால் தரையை உதைத்தும் கைதட்டியும் உடலையே பறையாக்கி ஒரே தாளத்தில் ஆடுவது. விருந்தில் வரிசையாக வளைந்து வளைந்து ஆடிப்போவது ஸ்ட்ரோல். நடுவே புகுந்து வரிசையை வெட்டிப்போவது பெரிய மரியாதைக் குறைவு. 2010இல் ஒரு குளிர்பான நிறுவனம் அட்லாண்டாவில் தேசிய ஸ்டெப் போட்டி நடத்தியது. முதல் பரிசு ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வெள்ளையர் சொராரிட்டி ஒன்றுக்குப் போனது. அரங்கமே கொந்தளித்தது. சில நாளில், மதிப்பெண்ணில் முரண்பாடு இருந்தது என்று சொல்லி, இரண்டாவதாக வந்த ஏ.கே.ஏ. குழுவையும் இணை முதலிடமாக அறிவித்தார்கள். இருவருக்கும் தலா ஒரு லட்சம் டாலர். அந்தப் பெண்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். கலை யாருக்கும் சொந்தமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், எங்களை வீட்டுக்குள் விடாதவர்கள் எங்கள் ஆட்டத்துக்குப் பரிசும் வாங்க வேண்டுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு இரண்டாவது கேள்வியின் வலி நன்றாகவே புரிகிறது, இருந்தாலும் மதிப்பெண்ணைத் திருத்தியது சரியான பதிலாகப் படவில்லை.

இறப்புச் சடங்குகளும் உண்டு. ஏ.கே.ஏ.வில் மறைந்த உறுப்பினரைச் சுவருக்கு அப்பால் போன ஐவி என்று குறிப்பிடுவார்கள், கொடி சுவரேறி மறுபுறம் இறங்கிவிட்டது என்ற கற்பனை. டெல்டாவில் அதற்கு ஒமேகா ஒமேகா என்று பெயர். 2018இல் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளினின் உடல் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது, முதல் நாள் உடையிலிருந்து காலணி வரை சிவப்பில் இருந்தார். அவர் டெல்டாவின் கௌரவ உறுப்பினர். அன்று சங்கத்தார் வந்து தங்கள் சடங்கையும் செய்தார்கள்.

ரகசியச் சடங்கில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் மெழுகுவர்த்தி, வெள்ளை உடை, உறுதிமொழி, சங்கத்துப் பழைய கதை, ஒரு கைகுலுக்கல். கேட்டு மயங்கி விழும்படி எதுவுமில்லை. ஒன்றைச் சேர்ந்து காப்பாற்றுகிறோம் என்ற உணர்வே அங்கே சரக்கு.

ஆபத்து வருவது அந்தச் சடங்கால் இல்லை, அதற்கு முந்தைய வாரங்களால். முன்பு சேர விரும்புகிறவர்கள் 'பிளெட்ஜ்' என்ற பெயரில் வாரக்கணக்கில் மூத்தவர்களின் ஏவலுக்கு உட்பட்டிருந்தார்கள். ஒரே மாதிரி உடுத்தி வரிசையாக நடப்பது, வரலாற்றை மனப்பாடமாக ஒப்பிப்பது என்று தொடங்கி அடி வரை போகும். நம் ஊர் ஹாஸ்டல் ராகிங்கைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே பாதிக்கப்படுகிறவர் தானே விரும்பி வந்து நிற்கிறார், அதனால் புகார் கொடுக்க மாட்டார். 1989இல் அட்லாண்டாவில் ஆண்கள் சங்கம் ஒன்றில் சேர முயன்ற மாணவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே கறுப்பினச் சங்கங்கள் பிளெட்ஜ் முறையை அதிகாரபூர்வமாக ஒழித்துவிட்டு, விண்ணப்பம், நேர்காணல், சில நாள் பயிற்சி என்று மாற்றின. மாறியதா என்றால், தாளில் மாறியது. தாளில் மட்டும் வந்தவளுக்கு மதிப்பில்லை, வரிசையில் நின்று பட்டவளே உண்மையான சோரர் என்ற பேச்சு மறைவில் தொடர்ந்தது. 2002இல் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் இரவில் இரண்டு பெண்கள் அலையில் மூழ்கி இறந்தபோது, ஏ.கே.ஏ.வில் சேர்வதற்கான கொடுமையே காரணம் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அது தங்கள் அங்கீகாரம் பெற்ற கிளை நடத்தியது இல்லை என்றது சங்கம்.

முத்துக்கு மதிப்பு வருவது எல்லோருக்கும் கிடைக்காததால். எல்லோருக்கும் கிடைக்காத பொருளுக்கு என்ன விலையும் கொடுக்க ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தயாராக இருப்பாள். சின்னத்தின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதால்தான் இதை ஒழிப்பது இத்தனை சிரமமாக இருக்கிறது.

இன்னொரு வழியும் அவளுக்கு உண்டு. இந்திய வம்சாவளிப் பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய சொராரிட்டிகள் இருக்கின்றன. 1998இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகாவும், அதே ஆண்டு ஆஸ்டினில் காப்பா ஃபை காமாவும் தெற்காசிய மாணவிகளால் தொடங்கப்பட்டன. லைன், கிராஸிங் (முறைப்படி உறுப்பினராவது), ஸ்ட்ரோல் எல்லாம் அங்கேயும் உண்டு, கறுப்பினச் சங்கங்களிடமிருந்து கற்றுக்கொண்டவை. ஏ.கே.ஏ.வில் வேறு இனத்தவரும் சேரலாம், தடை ஏதும் இல்லை. ஆனால் கமலா ஹாரிஸ் என்ற ஒரு பெயருக்காக மட்டும் போய் நின்றால் நேர்காணலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்தச் சங்கமானாலும் மூன்று விஷயங்களை அவள் பார்க்கட்டும். அந்தக் கிளை இப்போது கல்லூரியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பது முதலாவது. இடைநீக்கத்தில் உள்ள கிளைகள் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பது நடக்கிற காரியம். நுழைவுக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், விடுதி வீடு உள்ள சங்கம் என்றால் அந்தச் செலவையும் சேர்த்து. கடைசியாக, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஹேஸிங், அதாவது சேர வருகிறவர்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. எந்தச் சங்கம் எப்போது விதி மீறிப் பிடிபட்டது என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. அவள் கல்லூரி இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடி, சேர நினைக்கும் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் யார் வீட்டுக்காவது வா, போனைக் கொண்டுவராதே என்று யாராவது சொன்னால், அது சங்கத்தின் விதியில் இல்லாத அழைப்பு. போக வேண்டாம்.